பவளத் தீவுகளுக்கு நடுவே பாய்ப்படகில் வாழ்வது எப்படி இருக்கும்?

சென்னையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணா, நானும் மனைவியும் மென்பொருள் வேலையில் இருக்கிறோம். பாய்ப்படகிலேயே குடியிருந்து தீவு தீவாகப் போகிறவர்களின் வீடியோக்களை ஒரு வருடமாகப் பார்க்கிறோம். ஐந்து வருடம் சேமித்து, படகு வாங்கிக் கிளம்பிவிடலாமா என்று தோன்றுகிறது. உண்மையில் அந்த வாழ்க்கை எப்படி? தண்ணீர், சாப்பாடு, கரண்டுக்கு என்ன செய்வார்கள்? புயல் வந்தால்? செலவு? நீங்கள் மறுபடி போவீர்களா?"

நான் தூத்துக்குடிக்காரன். பல வருடம் சரக்குக் கப்பல்களில் எஞ்சினியராக இருந்தவன். ஒரே கப்பலில் என்னோடு வேலை பார்த்த நார்வேக்காரர் ஒருவர், ஓய்வு பெற்ற பிறகு மனைவியோடு 12 மீட்டர் நீளப் பாய்ப்படகில் பசிபிக்கைக் கடக்கப் புறப்பட்டார். எஞ்சினும் மின்சாரமும் தெரிந்த ஒரு ஆள் வேண்டும் என்று என்னை அழைத்தார். 2018 மார்ச்சில் பனாமாவில் ஏறினேன், ஆகஸ்ட் கடைசியில் தாஹிட்டியில் இறங்கினேன். அதனால், பசிபிக் நடுவே பிரான்சின் கீழ் இருக்கும் தாஹிட்டி உள்ளிட்ட தீவுகளான பிரெஞ்சுப் பாலினேசியாவைப் பற்றி மட்டும்தான் என்னால் பொறுப்போடு சொல்ல முடியும். கரீபியனில் வாழ்கிறவர் வேறு மாதிரி சொல்லக்கூடும்.

வீடியோவில் நீங்கள் பார்ப்பது பொய்யில்லை. அந்த நீலம் உண்மை. ஆனால் அது ஒரு நாளில் இரண்டு மணி நேரம். மிச்ச நேரமெல்லாம் கணக்கு. தொட்டியில் எத்தனை லிட்டர் இருக்கிறது, பேட்டரியில் எவ்வளவு மிச்சம், நங்கூரச் சங்கிலி எத்தனை மீட்டர் வெளியே கிடக்கிறது, காற்று எந்தப் பக்கம் திரும்பப் போகிறது, வெங்காயம் எத்தனை நாளைக்கு வரும். இந்தக் கணக்கைச் சலிக்காமல் போடுகிறவருக்கு அந்த வாழ்க்கை பிடிக்கும். மற்றவர்கள் ஒரு பருவத்திலேயே படகை விற்றுவிடுகிறார்கள்.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ளுங்கள். பிரெஞ்சுப் பாலினேசியாவின் நிலம் முழுவதையும் சேர்த்து வைத்தாலும் சுமார் 4000 சதுர கிலோமீட்டர்தான், எங்கள் தூத்துக்குடி மாவட்டம் அளவுகூட வராது. ஆனால் அந்த நிலம் ஐரோப்பா அளவுள்ள கடலில் நூற்றுக்கும் மேற்பட்ட தீவுகளாகச் சிதறிக் கிடக்கிறது. கிழக்கிலிருந்து வரும் படகுக்கு முதலில் மார்க்கேசாஸ் தீவுகள். கலபகோஸிலிருந்து சுமார் 3000 கடல் மைல், எங்களுக்கு 24 நாள் ஆனது. தென்கிழக்கு வாணிபக் காற்று, அதாவது எங்கள் ஊரில் கொண்டலுக்கும் சோழகத்துக்கும் நடுவே அடிக்கிற திசைக் காற்று, பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வரும். அதனால் படகு நாள் முழுக்க இடமும் வலமும் உருளும். மூன்று பேரும் மூன்று மணி நேர முறை வைத்துக் காவல் இருந்தோம். காலையில் மேல்தளத்தில் செத்துக் கிடக்கும் பறவை மீன்களைப் பொறுக்குவது, கயிறு எங்கே உரசித் தேய்கிறது என்று பார்ப்பது, சமைப்பது, தூங்குவது. அந்த 24 நாளைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பதினைந்தாவது நாளுக்குப் பிறகு கரை வேண்டும் என்ற நினைப்பே போய்விட்டது, அது ஒன்று மட்டும் எனக்கு இன்னும் ஆச்சரியம்.

மார்க்கேசாஸ் உயரமான எரிமலைத் தீவுகள். சுற்றிலும் பவளத் தடுப்பு இல்லை, ஆகவே விரிகுடாவுக்குள்ளும் அலை வரும், நங்கூரம் போட்டும் படகு ஆடும். ஆனால் மண் கொழுத்த மண். வாழை, எலுமிச்சை, தலையளவு பம்ப்ளிமாஸ் என்று யாராவது கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். இங்கே ஹிவா ஓவா தீவில்தான் ஓவியர் கோகன் 1903-ல் இறந்தார். பாடகர் ஜாக் பிரெல் 1975-ல் தன் பாய்ப்படகில் வந்து, படகை விட்டுவிட்டு அந்த ஊரிலேயே தங்கினார். இருவர் கல்லறையும் ஒரே மேட்டில் இருக்கின்றன. அங்கே நின்றபோது, வந்த இடத்திலேயே நின்றுவிட்டவர்கள் எத்தனை பேர் என்று நினைத்துக்கொண்டேன்.

உங்கள் வீடியோக்களில் வரும் நீலம் அடுத்த கூட்டத்தில் இருக்கிறது. துவாமோத்து. மார்க்கேசாஸிலிருந்து தென்மேற்கே சுமார் 500 கடல் மைல். எழுபதுக்கும் மேற்பட்ட பவள வளையங்கள். பழைய எரிமலை மெல்ல அமிழ்ந்துபோக, அதன் விளிம்பில் வளர்ந்த பவளம் மட்டும் மேலே மேலே எழும்பி வளையமாக நிற்கிறது என்பது டார்வின் 1842-ல் சொன்ன விளக்கம். வளையத்தின் மேல் மண் இரண்டு மூன்று மீட்டர் உயரம், அதன் மேல் தென்னை, அவ்வளவுதான். ஏழெட்டு மைல் தூரத்துக்கு வந்த பிறகே தென்னந்தலை கண்ணில் படும். 1768-ல் இவ்வழியே போன பிரெஞ்சு மாலுமி பூகன்வில் இதற்கு 'ஆபத்தான தீவுக்கூட்டம்' என்று பெயர் வைத்தார். 1947-ல் பெருவிலிருந்து 101 நாள் மிதந்து வந்த கோன்-டிக்கி மரத்தெப்பம் மோதி நின்றது இங்குள்ள ராரோயியா வளையத்தின் பாரில், அதாவது தண்ணீருக்கடியில் இருக்கும் பவளத் திட்டில்தான். ஜிபிஎஸ் வரும்வரை பெரும்பாலான பாய்ப்படகுகள் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காமல் நேரே தாஹிட்டிக்குப் போய்விடும்.

வளையத்துக்குள் நுழைவதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் படகு வாழ்க்கை முழுவதும் அந்த இருபது நிமிடத்தில் அடங்கியிருக்கிறது.

வளையத்தில் ஒன்றிரண்டு இடங்களில்தான் வாசல் இருக்கும். தெற்கிலிருந்து வரும் பெரிய அலை பாரின் மேல் ஏறி உள்ளே கொட்டிக்கொண்டே இருக்கும். உள்ளே விழுந்த தண்ணீர் அந்த வாசல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். ஆகவே கடல் ஏறி இறங்கும் நேரம் சொல்லும் ஓதப் பட்டியல் 'இப்போது தண்ணீர் உள்ளே போகும் நேரம்' என்று சொன்னாலும், இரண்டு நாளாகத் தென்பக்கம் அலை பெரிதாக இருந்தால் வாசலில் நீவாடு, அதாவது நீரோட்டம், வெளியேதான் பாயும். அதன்மேல் எதிர்க்காற்று அடித்தால் தண்ணீர் செங்குத்தாக எழுந்து நிற்கும். சுவர்போல நிற்கும் அந்த அலைகளைத் தொலைநோக்கியில் பார்த்துவிட்டு மக்கேமோ என்ற வளையத்தின் வாசலுக்கு வெளியே நாங்கள் மூன்று மணி நேரம் சும்மா சுற்றிக்கொண்டிருந்தோம். எங்களுக்கு முன்னால் போன படகு ஒன்று நடு வாசலில் முழு வேகத்தில் எஞ்சின் ஓடியும் நகராமல் நின்றதைக் கண்ணால் பார்த்தோம். இதில் ஒரு விந்தை, தாஹிட்டியில் உச்சி ஓதம் நிலவைப் பின்தொடராது, ஏறக்குறைய தினமும் நண்பகலும் நள்ளிரவும்தான். அதைப் பழகிவிட்டு துவாமோத்துவிலும் அப்படித்தான் என்று எண்ணினால் தப்பு, இங்கே நிலாவைத்தான் பார்க்க வேண்டும்.

உள்ளே வந்ததும் வேறு வேலை. வளையம் சூழ்ந்த காயலுக்குள் ஆழம் முப்பது மீட்டர் இருக்கும் இடத்திலேயே திடீரென்று பவளத் தூண் ஒன்று மேற்பரப்புக்கு ஒரு முழம் கீழே வந்து நிற்கும். வரைபடத்தில் எல்லாம் குறிக்கப்பட்டிருக்காது. செயற்கைக்கோள் படங்களை முன்கூட்டியே கணினியில் இறக்கி வைத்திருந்தோம். ஆனால் கடைசியில் நம்பியது கண்ணைத்தான். சூரியன் உச்சியில் அல்லது முதுகுப் பக்கம் இருக்க வேண்டும், காலை பத்து மணிக்கு மேல், மாலை மூன்றுக்குள். ஒருவர் அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், ஏறி நிற்பார், கூச்சம் தணிக்கும் போலராய்டு கண்ணாடி போட்டிருப்பார். கருநீலம் ஆழம், பச்சைநீலம் மணல், பழுப்பு என்றால் பார். மேகம் ஒன்று சூரியனை மறைத்த அடுத்த நொடி எல்லாம் ஒரே சாம்பல் நிறம் ஆகிவிடும். அப்போது படகை நிறுத்திவிட்டு மேகம் விலகக் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. அணியத்தில் நின்று கையால் இடம் வலம் காட்டிய வேலை பெரும்பாலும் என்னுடையது. மன்னார் வளைகுடாவில் தாத்தாவோடு வள்ளத்தில் போன நாட்களில் தண்ணீரின் நிறம் பார்த்துப் பார் எது, மணல் எது என்று அவர் சொல்லித் தந்தது அறுபது வயது நார்வேக்காரர் ஒருவரின் படகுக்கு உதவியது என்பதில் எனக்கு இன்றும் மனம் நிறைகிறது.

இனி நங்கூரம். படகில் வாழ்கிறவர்களிடம் பேசினால் எஞ்சினைவிடப் பாயைவிட அதிகம் பேசுவது நங்கூரத்தைப் பற்றித்தான். எங்கள் சங்கிலி 10 மில்லிமீட்டர் தடிமன், 80 மீட்டர். ஆழத்தைப்போல் ஐந்து மடங்கு சங்கிலி விட வேண்டும் என்பது பழக்கம். பத்து மீட்டர் ஆழத்தில் ஐம்பது மீட்டர் சங்கிலி வெளியே கிடக்கும். தரை முழுக்க மணலாக இருந்தால் கவலையில்லை. துவாமோத்துவில் மணலுக்கு நடுநடுவே பவளத் தலைகள். காற்று திரும்பும்போது படகும் திரும்பும், சங்கிலி அந்தத் தலைகளைச் சுற்றிக்கொள்ளும்.

தஹானேயா என்ற ஆளில்லாத வளையத்தில் எங்களுக்கு அது நடந்தது. சாயங்காலம் தென்கிழக்குக் காற்று மெல்ல அடித்துக்கொண்டிருந்தது, தென்னந்தோப்பு எங்களுக்குக் காற்றுமறைவு, தண்ணீர் கண்ணாடி. வானிலைக் கோப்பில் மேற்கிலிருந்து ஒரு காற்று மாற்றம் வரும் என்று இருந்தது, ஆனால் மறுநாள் மதியம் என்று. அது இரவு இரண்டு மணிக்கே வந்துவிட்டது. பத்து நிமிடத்தில் காற்று நேர் எதிராகத் திரும்பி 35 நாட், அதாவது மணிக்குச் சுமார் 65 கிலோமீட்டர், வேகத்துக்குப் போனது. அதுவரை எங்களுக்குப் பாதுகாப்பாக இருந்த கரை இப்போது படகின் பின்னால் ஐம்பது மீட்டரில். காயல் நீளமானது, மேற்கிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் தண்ணீர்மேல் ஓடி வரும் காற்று ஒரு மீட்டர் உயர அலையை எழுப்பிவிடும். சங்கிலி ஏதோ பவளத் தலையில் சுற்றி நீளம் குறைந்துபோயிருந்தது. ஒவ்வொரு அலைக்கும் அணியம் மேலே எழும்ப, சங்கிலி வெடுக்கென்று இழுத்துப் பிடிக்கும், படகு முழுக்க அதிரும். அதிர்ச்சியைத் தாங்குவதற்காகச் சங்கிலியில் கட்டியிருந்த நைலான் கயிறு மூன்றாவது இழுப்பில் அறுந்தது. எஞ்சினைப் போட்டு, சங்கிலியின் பாரம் குறையும் அளவுக்கு மட்டும் முன்னால் ஓட்டிக்கொண்டு, விடியும்வரை நால்வர் வேலையை மூவர் பார்த்தோம். பின்னால் இருட்டில் அலை பாரில் உடையும் சத்தம் மட்டும் கேட்டது. நான் புயல் நேரத்தில் பெரிய கப்பலில் இருந்திருக்கிறேன். அன்றைய பயம் அதைவிடப் பெரிது, ஏனென்றால் இங்கே நம்மைக் கரையிலிருந்து பிரித்து வைத்திருப்பது விரல் தடிமன் இரும்பு ஒன்று.

காலையில் கண்ணாடி மாட்டிக்கொண்டு கீழே இறங்கிப் பார்த்தேன். சங்கிலி மூன்று பவளத் தலைகளைச் சுற்றியிருந்தது. அதில் ஒன்று, மேசை அளவு இருக்கும், இரண்டாகப் பிளந்து கிடந்தது. அது அந்த அளவுக்கு வளர எத்தனையோ ஆண்டுகள் ஆகியிருக்கும், நாங்கள் ஒரு ராத்திரியில் உடைத்துவிட்டோம். நாங்கள் மூவரும் அன்று அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

அதன் பிறகு மற்றப் படகுக்காரர்களிடம் கற்றுக்கொண்ட முறையைத்தான் எல்லா இடத்திலும் செய்தோம். முத்துப் பண்ணைகளிலிருந்து அறுந்து கரையொதுங்கும் மிதவைப் பந்துகள் அங்கே ஏராளம். அவற்றைப் பொறுக்கி, நங்கூரத்திலிருந்து முதல் பதினைந்து இருபது மீட்டர் சங்கிலியை மட்டும் மணலில் கிடக்கவிட்டு, மிச்சத்தில் ஏழெட்டு மீட்டருக்கு ஒரு மிதவை கொக்கியால் மாட்டினோம். சங்கிலி பவளத்தின் மேலே தண்ணீரில் தொங்கிக்கொண்டிருக்கும், சுற்றவும் சுற்றாது, உடைக்கவும் உடைக்காது. கூடுதலாகப் பத்து நிமிட வேலை. நீங்கள் என்றாவது போனால் இதை முதல் நாளிலிருந்தே செய்யுங்கள்.

தண்ணீர் பற்றிக் கேட்டீர்கள். எங்கள் தொட்டி 400 லிட்டர். கடல் தண்ணீரைக் காற்றழுத்தத்தைப்போல் 55, 60 மடங்கு அழுத்தத்தில் சவ்வு வழியே தள்ளி உப்பை வடிகட்டும் சிறிய இயந்திரம் ஒன்று இருந்தது, மணிக்கு 60 லிட்டர் தரும். ஆர்.ஓ. என்று நம் வீட்டில் இருப்பதன் பெரிய அண்ணன். அதற்கு மின்சாரம் வேண்டும், ஆகவே வெயில் நன்றாக இருக்கும் நாளில் மட்டும் ஓட்டுவோம். பாத்திரம் முதலில் கடல் தண்ணீரில், பிறகு ஒரு குவளை நல்ல தண்ணீரில். குளியலும் அப்படித்தான், கடலில் குதித்துச் சோப்பு போட்டு, கடைசியில் இரண்டு லிட்டர் நல்ல தண்ணீர். மூவருக்கும் சேர்த்து நாளைக்கு 45 லிட்டரில் வாழ்ந்தோம். தூத்துக்குடியில் லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசை வைத்த வீட்டில் வளர்ந்தவன் என்பதால் எனக்கு இது கஷ்டமாக இல்லை. வளையத் தீவுகளில் ஆறு கிடையாது, மக்கள் கூரையில் விழும் மழையைத் தொட்டியில் பிடித்து வைத்துத்தான் வாழ்கிறார்கள். அவர்களிடம் போய்த் தண்ணீர் கேட்கக் கூடாது, மழையில்லாத மாதத்தில் கேட்கவே கூடாது. எங்கள் இயந்திரம் ஓடும் நாளில் நாங்கள்தான் இரண்டு கேன் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறோம்.

மின்சாரம் சோலார் பேனலிலிருந்து. அதில் பெரும்பங்கைக் குளிர்பெட்டி தின்னும். மூன்று நாள் தொடர்ந்து மேகம் மூடினால் குளிர்பெட்டியை அணைத்துவிட்டு, உள்ளே இருப்பதைச் சமைத்துத் தீர்த்துவிடுவோம்.

சாப்பாட்டில் என் கை ஓங்கியிருந்தது. பனாமாவில் அரிசியும் பருப்பும் வாங்கினேன், புளியும் பெருங்காயமும் ஊரிலிருந்தே கொண்டுபோயிருந்தேன். ஆடும் படகில் பிரஷர் குக்கரைவிட நல்ல பாத்திரம் கிடையாது. மூடி பூட்டிக்கொள்வதால் சாய்ந்தாலும் கொட்டாது, கேஸும் பாதிதான் ஆகும். முட்டையைக் கடையிலேயே குளிரூட்டாததாகப் பார்த்து வாங்கி, இரண்டு நாளைக்கு ஒருமுறை புரட்டி வைத்தால் வாரக்கணக்கில் கெடாது. முட்டைக்கோசு, பூசணி, வெங்காயம் நீண்ட நாள் தாங்கும். ஈரப்பலா என்று நாஞ்சில் நாட்டிலும் இலங்கையிலும் சொல்லும் காய் அங்கே அன்றாட உணவு. அதைத் தீயில் சுட்டு, தேங்காய்ப்பாலும் எலுமிச்சையும் பிழிந்த பச்சைச் சூரை மீனோடு அவர்கள் சாப்பிடுவார்கள். நான் அதே ஈரப்பலாவைத் தேங்காய் அரைத்துக் குழம்பு வைத்தேன், அந்த நார்வே அம்மா வாரம் இரண்டு முறை அதைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மீனில் மட்டும் கவனம். காயலுக்குள் பிடிக்கும் பார் மீன்களில் சிகுவாத்தேரா என்ற நஞ்சு இருக்கலாம். பாசியில் வாழும் ஒரு நுண்ணுயிர் அந்த நஞ்சை உண்டாக்குகிறது. அந்த உயிரைக் கண்டெடுத்தது இந்த நாட்டின் கம்பியே தீவுகளில், அதன் அறிவியல் பெயரும் அந்தத் தீவுகளின் பெயரை ஒட்டியதுதான். சிறு மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன நஞ்சு சேர்ந்துகொண்டே போகும். வேகவைத்தாலும் பொரித்தாலும் போகாது. வந்தவருக்குக் குளிர்ந்த பொருள் தொட்டால் சுடுவதுபோல இருக்கும், வாரக்கணக்கில் நீடிக்கும். ஒரு தீவில் நஞ்சுள்ள மீன் அடுத்த தீவில் நல்ல மீன். அதனால் எந்த ஊரிலும் முதலில் அங்குள்ளவரிடம் மீனைக் காட்டிக் கேட்போம். அவர் தலையசைத்தால்தான் அடுப்பில் ஏறும்.

அந்த மக்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க எனக்கு மனம் வராது. மக்கேமோவில் கரையிறங்கியதும் என் மூக்கில் ஏறியது ஊர் வாசனை, தேங்காய்ப் பருப்பு வெயிலில் காயும் வாசனை. ஒரு பெரியவரிடம் அரைகுறைப் பிரெஞ்சில் இது என்ன என்று கேட்டேன். "கொப்ரா" என்றார். நம் கரையிலிருந்து போர்ச்சுகீசியர் வாய்க்குள் புகுந்து உலகம் சுற்றிய அதே கொப்பரை. எலி ஏறாமல் இருக்க அவர்கள் தென்னை மரத்தில் தகரப் பட்டை கட்டியிருந்தார்கள். நான் தேங்காய் உரிக்கும் விதத்தைப் பார்த்து, இவன் தேங்காய் நாட்டுக்காரன் என்று அவர்களுக்கும் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு நாங்கள் விருந்தாளிகள் இல்லை.

அங்கே எல்லாம் வருவது சரக்குக் கப்பலில். தாஹிட்டியின் பப்பேத்தேயிலிருந்து சில வாரத்துக்கு ஒருமுறை வரும். கப்பல் வரும் நாளில் ஊரே துறையில் நிற்கும். அரிசி மூட்டை, வெங்காயம், கேஸ் சிலிண்டர், சைக்கிள் டயர் இறங்கும், கொப்பரை மூட்டை ஏறும். அந்த வெங்காயத்துக்கு நாங்கள் முண்டியடிக்கக் கூடாது என்பது எங்கள் படகின் சட்டம். ஊர்க்காரர்கள் வாங்கியது போக மிச்சம் இருந்தால் வாங்குவோம். காசு வாங்காமல் ஈரப்பலாவும் தேங்காயும் கொடுப்பவர்களுக்கு நாங்கள் மெஷின் பழுது பார்த்துக் கொடுத்தோம். படகு எஞ்சின், ஃப்ரீஸர், ஜெனரேட்டர் என்று மக்கேமோவில் பன்னிரண்டு நாளில் ஒன்பது சாமான்களைத் திறந்திருப்பேன். ஒரு பாட்டி வீட்டில் தையல் மெஷினும் இருந்தது. துணிகளை வெட்டிப் பூவும் இலையுமாகத் தைக்கும் தீஃபாய்ஃபாய் என்ற விரிப்பு அங்கே கல்யாணத்துக்கும் சாவுக்கும் வேண்டிய பொருள். மெஷின் ஓடியது, ஆனால் ஊசி தீர்ந்துபோயிருந்தது. எங்களிடம் இருந்தது பாய் தைக்கும் கை ஊசி மட்டும்.

வரைபடத்தில் அதே துவாமோத்துவின் தென்கிழக்கு மூலையில் மொருரோவா, ஃபங்கதௌஃபா என்ற இரண்டு வளையங்கள் இருக்கின்றன. அங்கே எந்தப் படகும் போகக் கூடாது. 1966 முதல் 1996 வரை பிரான்ஸ் இந்த இரண்டு இடங்களில் 193 அணுகுண்டுச் சோதனைகள் நடத்தியது. நான் சந்தித்த பெரியவர்களில் அந்த வேலைக்குப் போனவர்களும் உண்டு. சொர்க்கம் என்ற சொல்லை அந்த மக்களிடம் சொல்ல எனக்கு அதன்பிறகு வாய் வரவில்லை.

படகு எந்த வகை வாங்கலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கேட்பீர்கள். இன்று அந்தப் பக்கம் ஓடும் படகுகளில் நிறைய கட்டமரான், இரட்டை உடல் கொண்டவை. அவ்வளவு உருளாது, இடம் அதிகம், விலையும் அதிகம். பெயர் நம் கட்டுமரம்தான். ஆனால் மரத்தைக் கட்டிச் செய்த நம் தெப்பத்துக்கும் இதற்கும் வடிவத்தில் உறவில்லை. இரண்டு உடலைச் சேர்த்துக் கட்டி நீண்ட கடல் போகும் கலை பாலினேசியருடையது. 1976-ல் ஹோக்குலேயா என்ற இரட்டை உடல் கலத்தை, கருவி எதுவும் இல்லாமல் விண்மீனையும் அலையையும் வைத்தே ஹவாயிலிருந்து தாஹிட்டிக்கு மௌ பியாய்லுக் என்ற மாலுமி நடத்திக் காட்டினார். நம் சொல் அவர்கள் வடிவத்தின்மேல் போய் உட்கார்ந்திருக்கிறது. பப்பேத்தே துறையில் நின்று இதைச் சொன்னபோது ஒரு தாஹிட்டி இளைஞர் கட்டுமரம் என்ற சொல்லை நாலைந்து முறை சொல்லிப் பார்த்தார்.

பழுது. இதை யாரும் வீடியோவில் சரியாகக் காட்டுவதில்லை. உப்பும் வெயிலும் ஆட்டமும் சேர்ந்து வாரம் ஒன்றை உடைக்கும். கழிவறைப் பம்பு, நங்கூரம் தூக்கும் மின்மோட்டார், எஞ்சினுக்குக் கடல் தண்ணீர் இழுக்கும் ரப்பர் சக்கரம், ஏதாவது ஒன்று. உதிரிப் பாகம் தாஹிட்டியில் கிடைக்கும், இல்லையென்றால் பிரான்சிலிருந்து வர வேண்டும். உங்கள் கையால் செய்யத் தெரியாத ஒவ்வொரு வேலைக்கும் நாட்களும் காசும் போகும். படகின் விலையில் பத்தில் ஒரு பங்கு வருடாவருடம் பராமரிப்புக்கு ஒதுக்குங்கள் என்று படகுக்காரர்கள் சொல்வார்கள். பழைய படகில் அது போதாது என்பது நான் பார்த்தது. ஐந்து வருடம் பணம் மட்டும் சேர்க்காதீர்கள், டீசல் எஞ்சினும் மின்கம்பியும் கற்றுக்கொள்ளுங்கள்.

உடம்பும் அப்படித்தான். பவளத்தில் பட்ட சிறு கீறல்கூட அந்த ஈரத்தில் ஆறாது, சீழ் வைக்கும். உடனே நல்ல தண்ணீரில் தேய்த்துக் கழுவி மருந்து போட வேண்டும். சிறு தீவில் மருந்தகமும் செவிலியரும் இருக்கலாம், அறுவைச் சிகிச்சை என்றால் விமானத்தில் தாஹிட்டிதான்.

புயலைப் பொறுத்தவரை, நவம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே புயல் காலம். எல்லா வருடமும் வராது, வந்தால் வளையத் தீவில் ஒளிய இடமில்லை. பசிபிக் தண்ணீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ நிலவிய 1982-83 பருவத்தில் அடுத்தடுத்துப் புயல்கள் தாக்கின. ஆகவே அந்த மாதங்களில் நிலநடுக்கோட்டுக்கு அருகே உள்ள மார்க்கேசாஸுக்குத் திரும்புவார்கள், அல்லது படகைக் கரையேற்றிக் கட்டிவிட்டு ஊருக்குப் போவார்கள்.

நம் பாஸ்போர்ட்டுக்கு விசா முன்கூட்டியே வேண்டும். ஐரோப்பாவுக்கு வாங்கும் சாதாரண ஷெங்கன் விசா அங்கே செல்லாது. பிரெஞ்சுப் பாலினேசியாவுக்குச் செல்லும் என்று விசாவிலேயே எழுதியிருக்க வேண்டும். படகில் போவதாகச் சொன்னால் திரும்பும் டிக்கெட் ஏன் இல்லை என்ற கேள்விக்குப் பதில் தயாராக இருக்கட்டும்.

வேலையை விடுவதற்கு முன் சென்னையிலேயே தொடங்குங்கள். துறைமுகத்துக்குள் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911-லிருந்து இருக்கிறது. காற்றைப் படிக்க ஒரு சிறிய படகே போதும், அதில் இருவரும் நனையுங்கள். பிறகு லங்காவி, புக்கெட் பக்கம் யாராவது ஒருவரின் படகில் ஒரு மாதம் உதவியாளராகப் போய்ப் பாருங்கள். வயிறு கடலுக்குப் பழக மூன்று நாள் ஆகும். மனம் பழகுமா என்பது மூன்றாவது வாரத்தில் தெரியும். கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் போக இடமில்லாத பத்தடி அறையில், தூக்கம் கெட்ட இரவுக்கு அடுத்த காலையில், ஒருவரோடு ஒருவர் எந்தக் குரலில் பேசுகிறீர்கள் என்று கவனியுங்கள். நார்வே தம்பதியிடம் ஒரு பழக்கம் இருந்தது. நங்கூரம் போடும்போது கத்திக்கொள்ளவே மாட்டார்கள், எல்லாம் கைச்சைகைதான். நாற்பது வருடம் வாழ்ந்தவர்கள், அந்தச் சைகைகளைத் தாங்களே உண்டாக்கிக்கொண்டார்களாம்.

கடைசிக் கேள்வி, மறுபடி போவேனா என்பது. துவாமோத்துவின் ஃபக்கராவா தெற்கு வாசலில், ஜூலை நிலா முழுமையை ஒட்டிய நாளில், முட்டையிடுவதற்காகக் கூட்டம் சேர்ந்த களவா மீன்கள் ஆயிரக்கணக்கில் அடியில் அடைந்து கிடந்ததையும், அவற்றின் மேலே சாம்பல் சுறாக்கள் நூற்றுக்கணக்கில் நீவாட்டை எதிர்த்து அசையாமல் நின்றதையும் நான் பார்த்தேன். போவேன். எரிச்சலூட்டும் அந்த உருளலுக்கும், இரண்டு லிட்டர் குளியலுக்கும் சேர்த்தே போவேன். அவர்கள் படகு இப்போது நியூசிலாந்தில் இருக்கிறது, மறுபடி வடக்கே போகும்போது கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். புளி இரண்டு கிலோ, எஞ்சினுக்கு ரப்பர் சக்கரம் நான்கு, தையல் மெஷின் ஊசி ஐந்து பாக்கெட். ஊசியைப் போன மாதமே வாங்கி வைத்துவிட்டேன்.